கிரிப்டோகிராஃபியும் நெட்வொர்க் செக்யூரிட்டியும்: எங்கே தொடங்குவது, எதையெல்லாம் உடைத்துப் பார்ப்பது

கேள்வி இதுதான்: பைத்தான் ஓரளவு எழுத வரும், பள்ளிக் கணக்கு நினைவில் இருக்கிறது, கிரிப்டோகிராஃபியையும் நெட்வொர்க் செக்யூரிட்டியையும் அடிப்படையிலிருந்து கற்க வேண்டும், எந்த வரிசையில் போவது?

அல்காரிதம்களின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதில் தொடங்காதீர்கள். செய்தியைச் சாவியால் மறைக்கும் ஏஇஎஸ் என்ற முறை 2001-இல் தரமாக அறிவிக்கப்பட்டது. அதன் முழுச் சுற்றுகளையும் நடைமுறையில் உடைக்கும் வழி இன்றுவரை வெளியாகவில்லை. ஆனால் ஏஇஎஸ் பயன்படுத்திய மென்பொருள்கள் ஓயாமல் உடைந்துகொண்டிருக்கின்றன. சாவியை எப்படி உருவாக்கினார்கள், ஒரே எண்ணை இரண்டு முறை பயன்படுத்தினார்களா, வந்த செய்தி மாறாமல் வந்ததா என்று சோதித்தார்களா, எதிரே இருப்பவர் யார் என்று பார்த்தார்களா என்ற இடங்களில்தான் உடைப்பு நடக்கிறது. அதனால் ஒவ்வொரு கருவியைப் படிக்கும்போதும் இரண்டு கேள்விகளை வைத்துக்கொள்ளுங்கள். இது எதற்கு உத்தரவாதம் தருகிறது? எதற்குத் தரவில்லை? இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்தால்தான் அந்தக் கருவி புரிந்தது என்று அர்த்தம்.

உத்தரவாதங்கள் அடிப்படையில் மூன்று: அடுத்தவர் படிக்க முடியாது, வழியில் யாரும் மாற்றினால் தெரிந்துவிடும், அனுப்பியவர் யார் என்று உறுதியாகத் தெரியும். இவை ஒன்றுக்கொன்று தனி. முதலாவது இருப்பதால் மற்ற இரண்டும் தானாக வந்துவிடாது. பேஸ்64 இந்த மூன்றில் எதையுமே தராது. அது வெறும் எழுத்து மாற்றம், சாவியே கிடையாது.

எழுத்துகளை நகர்த்தி மறைக்கும் சீசர் சைஃபர் போன்ற பழைய முறைகளுக்கு ஒரு மாலை போதும். எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணியே அவற்றை உடைத்துவிடலாம் என்று ஒன்பதாம் நூற்றாண்டிலேயே அல்-கிந்தி எழுதிவிட்டார். அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கெர்க்ஹாஃப்ஸ் 1883-இல் சொன்ன விதியை: முறை முழுவதும் எதிராளிக்குத் தெரிந்திருந்தாலும் சாவி ஒன்று மட்டும் ரகசியமாக இருந்தால் போதும் என்ற நிலையில் அமைப்பு இருக்க வேண்டும். "எங்கள் முறையை வெளியே சொல்ல மாட்டோம், அதனால் பாதுகாப்பு" என்று சொல்லும் எதையும் நம்பாதீர்கள்.

கணக்கைக் கண்டு மிரள வேண்டாம். இரண்டு பிட்கள் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1 தரும் எக்ஸ்ஆர், வகுத்தால் வரும் மீதியை வைத்துச் செய்யும் மாடுலோ கணக்கு, யூக்ளிடின் மீப்பெரு பொது வகுத்தி முறை, பெரிய அடுக்கை வேகமாகக் காணும் முறை, கொஞ்சம் நிகழ்தகவு. இவ்வளவுதான் முதல் சில மாதங்களுக்கு வேண்டும். நீள்வட்ட வளைவுகளின் கணிதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதல் பயிற்சியாக எக்ஸ்ஆர்-ஐ வைத்துக்கொள்ளுங்கள். செய்தி எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளமான ரேண்டம் சாவியை எடுத்து, ஒவ்வொரு பைட்டையும் எக்ஸ்ஆர் செய்து, அந்தச் சாவியை மறுபடி தொடவே மாட்டீர்கள் என்றால் அதை யாராலும் உடைக்க முடியாது. இதைக் கணித ரீதியாக நிறுவியவர் ஷானன். அவர் கட்டுரை 1949-இல் வெளிவந்தது. சிக்கல் அந்த "மறுபடி தொடக்கூடாது" என்பதில்தான். அதே சாவியால் இரண்டு செய்திகளை மறைத்தால், இரண்டு மறைசெய்திகளையும் ஒன்றோடொன்று எக்ஸ்ஆர் செய்தவுடன் சாவி கழன்றுபோய், இரண்டு மூலச் செய்திகளின் எக்ஸ்ஆர் மட்டும் கையில் நிற்கும்.

அதில் என்ன தெரியும் என்று செய்து பாருங்கள். ஆங்கிலச் செய்தியில் இடைவெளியின் மதிப்பு 32. பெரிய எழுத்து 'ஏ' 65, சிறிய எழுத்து 97; இரண்டுக்கும் வித்தியாசம் அதே 32. ஆகவே ஒரு செய்தியில் இடைவெளியும் மற்றதில் எழுத்தும் எதிரெதிரே வந்தால், அந்த எழுத்து பெரியது சிறியதாக மாறி அப்படியே தலைகாட்டும். தமிழ்ச் செய்தியென்றால் இன்னும் வெளிப்படை. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. இரண்டு தமிழ்ச் செய்திகளை எக்ஸ்ஆர் செய்தால், குறியீடுகள் நேருக்கு நேர் நிற்கும் இடங்களில் முதல் பைட் 0, இரண்டாவது பைட் 0 அல்லது 1 என்று வரிசையாக விழும். செய்தி தமிழில் இருக்கிறது என்பதும், சொற்கள் எங்கே பிரிகின்றன என்பதும் ஒன்றையும் உடைக்காமலேயே தெரிந்துவிடும். பைத்தானில் இருபது வரியில் இதை எழுதலாம். எழுதிப் பார்த்தவர் அதற்குப் பிறகு இப்படி எக்ஸ்ஆர் செய்யும் சாவி பைட்டுகளின் வரிசையை, அதாவது சாவியோட்டத்தை, இரண்டாம் முறை பயன்படுத்த மாட்டார்.

ஏனென்றால் இதே தவறு பெரிய தரங்களிலேயே நடந்திருக்கிறது. பழைய வைஃபை பாதுகாப்பான டபிள்யூஇபி, ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 24 பிட் எண் ஒன்றைச் சாவியோடு சேர்த்தது. அந்த எண் திரும்ப வந்தால் அதே சாவியோட்டமும் திரும்ப வரும். 24 பிட் என்றால் சுமார் 1 கோடியே 67 லட்சம் வாய்ப்புகள். கேட்க நிறையத் தோன்றும். ஆனால் எண்களை ரேண்டமாக எடுத்தால் 5000 பாக்கெட்டுக்குள் ஏதோ ஒன்று திரும்ப வரும் வாய்ப்பு பாதிக்கு மேல். பிறந்தநாள் கணக்கு என்று நிகழ்தகவில் வருவது இதுதான். 2017-இல், அதற்குப் பின் வந்த டபிள்யூபிஏ2-இல் கண்டுபிடிக்கப்பட்ட கிராக் தாக்குதலும் இதே வகை: இணைப்பு தொடங்கும்போது நடக்கும் கைகுலுக்கலின் மூன்றாம் செய்தியைத் திரும்ப அனுப்பி, கருவி அதே சாவியை மறுபடி நிறுவும்படி செய்து, எண்ணியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

அடுத்து பிளாக் சைஃபர். ஏஇஎஸ் ஒரே நேரத்தில் 16 பைட்டைத்தான் மறைக்கும். நீளமான செய்தியை எப்படி வெட்டிக் கோர்ப்பது என்பதை முடிவு செய்வது மோட். இசிபி மோடில் ஒரே மாதிரியான 16 பைட் எங்கே வந்தாலும் ஒரே மாதிரியான மறைசெய்தி வரும். சுருக்கப்படாத படக்கோப்பு ஒன்றின் தலைப்புப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மீதியை இசிபியில் மறைத்து, திறந்து பாருங்கள். நிறங்கள் மாறியிருக்கும், உருவம் அப்படியே இருக்கும்.

ஏறிக்கொண்டே போகும் எண்ணை ஏஇஎஸ்ஸால் மறைத்து, கிடைப்பதைச் சாவியோட்டமாகச் செய்தியோடு எக்ஸ்ஆர் செய்யும் சிடிஆர் மோட் இதைச் சரிசெய்கிறது. ஆனால் அது படிக்க விடாது, அவ்வளவுதான், மாற்றுவதைத் தடுக்காது. "தொகை 100" என்ற செய்தியைச் சிடிஆரில் மறைத்து, '1' இருக்கும் இடத்து மறைபைட்டை 8-ஆல் எக்ஸ்ஆர் செய்யுங்கள். '1'-இன் மதிப்பு 49, '9'-இன் மதிப்பு 57, இரண்டின் எக்ஸ்ஆர் 8. பெறுபவர் திறந்தால் "தொகை 900" என்று இருக்கும். சாவி தெரியாமலே தொகை மாறிவிட்டது, பிழைச் செய்தியும் வராது. என்கிரிப்ட் செய்துவிட்டோம், அதனால் யாரும் கை வைக்க முடியாது என்ற எண்ணம் இந்த ஒரு சோதனையோடு போய்விடும். ஆகவே இன்றைக்கு நேரடியாக எடுக்க வேண்டியது, மறைப்பதையும் சரிபார்ப்பதையும் சேர்த்தே செய்யும் ஏஇஎஸ்-ஜிசிஎம் அல்லது சாச்சா20-பாலி1305. ஜிசிஎம்மில், ஒரு சாவியோடு ஒரே முறை பயன்படுத்த வேண்டிய எண்ணான நான்ஸ் 12 பைட், சரிபார்ப்புக் குறி 16 பைட். ஒரே சாவியில் நான்ஸ் ஒரு முறை திரும்ப வந்தாலும் ரகசியம் போவதோடு, போலிக் குறி தயாரிக்கவும் வழி திறந்துவிடும். நான்ஸை ரேண்டமாக எடுப்பதென்றால் ஒரு சாவிக்கு 2-இன் 32-ஆம் அடுக்கு, அதாவது சுமார் 429 கோடி செய்திகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். குறி பொருந்தவில்லை என்றால் செய்தியில் ஒரு பைட்டைக்கூட மேலே அனுப்பாதீர்கள். பேடிங் (கடைசித் துண்டை நிரப்பச் சேர்க்கும் பைட்டுகள்) தவறா, குறி தவறா என்று பிரித்தும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே ஒவ்வொரு துண்டையும் முந்தைய மறைதுண்டோடு கோர்க்கும் சிபிசி மோடில் முழுச் செய்தியையும் படித்துவிடலாம் என்று வோடனே 2002-இல் காட்டினார்.

ரேண்டம் எண்ணுக்கு வருவோம். பைத்தானின் 'ரேண்டம்' மாட்யூல் மெர்சென் ட்விஸ்டரைப் பயன்படுத்துகிறது. அது விளையாட்டுக்கும் மாதிரிக் கணக்குக்கும் உரியது. அதன் 32 பிட் வெளியீடுகளில் தொடர்ந்து 624 கிடைத்தால் இனி வரப்போகும் எல்லாவற்றையும் கணித்துவிடலாம். சாவிக்கும் டோக்கனுக்கும் 'சீக்ரெட்ஸ்' மாட்யூல்தான். டெபியன் லினக்ஸில் 2006-இல் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் செய்த ஒரு சிறு மாற்றத்தால், ரேண்டம் எண்ணுக்கு வேறுபாடு தருவது புராசஸ் எண் ஒன்று மட்டும் என்றாகிவிட்டது. ஒரு வகைச் சாவிக்கு 32 ஆயிரத்துச் சொச்சம் வாய்ப்புகள்தான். 2008 மே மாதம் கண்டுபிடிக்கும் வரை உருவான எஸ்எஸ்ஹெச் சாவிகளை எல்லாம் தூக்கியெறிய வேண்டியிருந்தது.

எந்த நீளச் செய்தியையும் நிலையான நீளக் குறியாகச் சுருக்குவது ஹாஷ். அதில் குழப்பிக்கொள்ளக் கூடாதவை மூன்று: வெறும் ஹாஷ், சாவியோடு சேர்ந்த ஹெச்மேக், கடவுச்சொல் ஹாஷ். எம்டி5-க்கு 2004-இலும் எஸ்ஹெச்ஏ-1-க்கு 2017-இலும் மோதல், அதாவது ஒரே ஹாஷ் தரும் இரண்டு வேறு செய்திகள், காட்டப்பட்டுவிட்டது. புதிதாக எதற்கும் இரண்டையும் எடுக்காதீர்கள், எஸ்ஹெச்ஏ-256 எடுங்கள். ஆனால் ஹாஷில் சாவி இல்லை. மாற்றுபவர் செய்தியையும் மாற்றி ஹாஷையும் புதிதாகப் போட்டுவிடுவார். சாவியைச் செய்திக்கு முன்னால் ஒட்டி எஸ்ஹெச்ஏ-256 எடுத்தாலும் சரியாகாது, ஏனென்றால் வெளியீட்டிலிருந்து தொடர்ந்து மேலே பைட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போக முடியும். அதற்காகத்தான் ஹெச்மேக். ஒப்பிடும்போது சாதாரணச் சமக்குறியை விட்டுவிட்டு, நேரம் மாறாமல் ஒப்பிடும் செயற்கூறைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, கடவுச்சொல். இங்கே எஸ்ஹெச்ஏ-256-உம் தவறான தேர்வு, அது மிக வேகமானது என்பதே காரணம். 2012-இல் லிங்க்ட்இன்னிலிருந்து கசிந்த கடவுச்சொற்கள் ஒவ்வொருவருக்கும் வேறாகச் சேர்க்கும் ரேண்டம் பைட்டுகளான சால்ட் இல்லாத எஸ்ஹெச்ஏ-1-ஆக இருந்ததால் பெரும்பகுதி விரைவிலேயே உடைந்தது. கடவுச்சொல்லுக்கென்றே மெதுவாக அமைத்த ஆர்கான்2ஐடி எடுங்கள், 19 எம்ஐபி நினைவகம், 2 சுற்று, 1 இழை என்பது வலைப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் சொல்லும் குறைந்தபட்ச அமைப்புகளில் ஒன்று. பழைய அமைப்பில் அதே வேலைக்கான பிகிரிப்ட் இருந்தால் அது 72 பைட்டுக்கு மேல் கண்டுகொள்ளாது என்பதை நினைவில் வையுங்கள். தமிழில் கடவுத்தொடர் வைத்தால் 24 குறியீட்டிலேயே அது முடிந்துவிடும், 'கி' என்ற ஓர் எழுத்தே இரண்டு குறியீடு. இன்னொன்று: 'கொ' என்பதை ஒரு விசைப்பலகை இரண்டு குறியீடாகவும் மற்றொன்று மூன்று குறியீடாகவும் அனுப்பலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும், ஹாஷ் வேறாக வரும், பயனர் உள்ளே நுழைய முடியாமல் தவிப்பார். ஹாஷ் போடுவதற்கு முன் யூனிகோடை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

ஒரு சாவியை வெளியிட்டு, இன்னொன்றை ரகசியமாக வைத்துக்கொள்ளும் பொதுச்சாவி முறைகளைத் தாளில் சின்ன எண்ணால் செய்யுங்கள். வெளிப்படையாகப் பேசியே பொதுவான ரகசியம் ஒன்றை உருவாக்கும் டிஃபி-ஹெல்மன் முறை 1976-இல் வந்தது. பகா எண் 23, அடி எண் 5 என்று இருவரும் வெளிப்படையாக ஒத்துக்கொள்கிறார்கள். ஒருவர் ரகசியமாக 4-ஐ எடுத்து 5-இன் 4-ஆம் அடுக்கை 23-ஆல் வகுத்த மீதி 4-ஐ அனுப்புகிறார். மற்றவர் 3-ஐ எடுத்து மீதி 10-ஐ அனுப்புகிறார். முதலாமவர் 10-ஐ 4-ஆம் அடுக்குக்கும், இரண்டாமவர் 4-ஐ 3-ஆம் அடுக்குக்கும் உயர்த்தி 23-ஆல் வகுத்தால் இருவருக்கும் மீதி 18 வரும். நடுவில் கேட்டவருக்கு 4-உம் 10-உம் மட்டும்தான் தெரியும். உண்மையான அளவில் அதிலிருந்து 18-க்குப் போக முடியாது.

ஆர்எஸ்ஏவுக்கு 5-ஐயும் 11-ஐயும் எடுங்கள். பெருக்கல் 55. ஒவ்வொன்றிலும் 1 குறைத்து 4-ஐயும் 10-ஐயும் பெருக்கினால் 40. பொது அடுக்கு 3 என்றால் தனி அடுக்கு 27, ஏனென்றால் 3 × 27 = 81, அதை 40-ஆல் வகுத்தால் மீதி 1. செய்தி 8 என்றால் 512-ஐ 55-ஆல் வகுத்த மீதி 17 போகும். 17-ஐ 27-ஆம் அடுக்குக்கு உயர்த்தி 55-ஆல் வகுத்தால் மீதி திரும்ப 8. இப்போது செய்தி 3 என்று வையுங்கள். 27 வரும், 55-ஐத் தாண்டவே இல்லை. கனமூலம் எடுத்தால் 3, சாவியே தேவைப்படவில்லை. பேடிங் இல்லாத ஆர்எஸ்ஏ ஏன் கூடாது என்பது இந்த ஒரு வரியிலேயே தெரிகிறது. மறைக்க ஓஏஇபி, கையொப்பத்துக்கு பிஎஸ்எஸ் என்ற பேடிங் முறைகள் இருப்பது இதற்காகவும், ஒரே செய்திக்கு ஒரே விடை வராமல் இருப்பதற்காகவும்தான். இன்னொருவரின் பொதுச்சாவி 77 என்றால், 55-க்கும் 77-க்கும் பொது வகுத்தி 11. இரண்டு சாவியும் ஒரே நொடியில் உடைந்தன. 2012-இல் ஆய்வாளர்கள் இணையத்தில் இருந்த பொதுச்சாவிகளைத் திரட்டி இதையே செய்து, ஆயிரக்கணக்கான கருவிகளின் தனிச்சாவிகளைக் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் ரவுட்டர் போன்ற சின்னக் கருவிகள். முதல்முறை இயங்கும்போது போதிய ரேண்டம் இல்லாமலேயே சாவி உருவாக்கியவை.

டிஃபி-ஹெல்மன் தராதது என்ன? எதிரே இருப்பவர் யார் என்பதை அது சொல்லாது. நடுவில் ஒருவர் உட்கார்ந்து இரு பக்கமும் தனித்தனியாக ஒப்பந்தம் போட்டால் இருவருக்கும் தெரியவே தெரியாது. இந்த ஓட்டையை அடைக்கத்தான் கையொப்பமும், இந்தப் பொதுச்சாவி இன்னாருடையது என்று கையொப்பமிட்டுச் சொல்லும் சான்றிதழும். நெட்வொர்க் பக்கம் நுழைய வேண்டிய வாசல் இங்கேதான் இருக்கிறது. பலர் ஓஎஸ்ஐ ஏழு அடுக்குகளை ஒப்பிப்பதில் நுழைந்து களைத்துப்போகிறார்கள்.

பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து, உங்கள் சொந்தக் கணினியின் இணைப்பைப் பிடியுங்கள். வடிகட்டியில் டிஎன்எஸ் என்று போட்டுவிட்டு ஒரு தளத்தைத் திறந்தால், பெயர் தேடல் 53-ஆம் போர்ட்டில் வெளிப்படையாகப் போவது தெரியும். எதுவும் தெரியவில்லை என்றால் உலாவி ஹெச்டிடிபிஎஸ் வழியாக டிஎன்எஸ் அனுப்பலாம், அல்லது விடையை முன்பே நினைவில் வைத்திருக்கலாம். அதற்குப் பின் இணைப்பைத் தொடங்கும் டிசிபியின் மூன்று பாக்கெட், பிறகு ஹெச்டிடிபிஎஸ்ஸில் மறைக்கும் வேலையைச் செய்யும் டிஎல்எஸ். தரம் 2018-இல் வந்த டிஎல்எஸ் 1.3 என்றால் முதல் செய்தியிலேயே கிளையன்ட் தன் டிஃபி-ஹெல்மன் பங்கை அனுப்பிவிடும். சர்வர் தன் பங்கைத் தந்தவுடன் மீதி எல்லாம், சான்றிதழ் உட்பட, மறைந்துவிடும். 1.2-இல் சான்றிதழ் வெளியே தெரியும். அந்த முதல் செய்தியை விரித்துப் பாருங்கள், பெரும்பாலும் தளத்தின் பெயர் அப்படியே இருக்கும். ஐபி முகவரி, பாக்கெட் அளவு, நேரம் ஆகியவையும் மறைவதில்லை. உள்ளே இருப்பதையும் பார்க்க வேண்டுமென்றால் எஸ்எஸ்எல்கீலாக்ஃபைல் என்ற சூழல் மாறியில் ஒரு கோப்பின் பாதையைக் கொடுத்து உலாவியைத் தொடங்குங்கள். வயர்ஷார்க்கின் டிஎல்எஸ் அமைப்பில் அதே கோப்பைக் காட்டினால் உங்கள் உரையாடல் திறந்துகொள்ளும். வேலை முடிந்ததும் கோப்பை அழித்துவிடுங்கள்.

ஒரு ஐபி எந்தக் கருவியின் வன்பொருள் முகவரிக்கு (மேக்) உரியது என்று கேட்டறியும் ஏஆர்பி மீதான தாக்குதலை மூன்று விர்ச்சுவல் மெஷின்களில், வெளியே போகாத உள் நெட்வொர்க்கில் மட்டும் செய்து பாருங்கள். அனுமதியில்லாத நெட்வொர்க்கில் செய்வது குற்றம், தற்செயலாகக்கூடப் பாக்கெட் வெளியே போகக்கூடாது. 1982-இல் எழுதப்பட்ட ஏஆர்பியில் சரிபார்ப்பே இல்லை. "அந்த ஐபி என்னுடையது" என்று யார் பதில் சொன்னாலும் மற்ற கருவிகள் ஏற்றுக்கொள்ளும். தாக்குபவர் இரு பக்கமும் பொய் சொல்லி நடுவில் உட்காருவார். தாக்குதல் தொடங்கியவுடன் பாதிக்கப்பட்ட மெஷினின் இணைப்பே அறுந்துபோனால், தாக்கும் மெஷினில் ஐபி ஃபார்வர்டிங் போடவில்லை என்று பொருள். பாதிக்கப்பட்ட மெஷினின் அண்டைப் பட்டியலில் இரண்டு ஐபிக்கு ஒரே மேக் முகவரி நிற்பதைப் பாருங்கள், கண்டுபிடிக்கும் வழியும் அதுவே. இப்போது நடுவில் இருப்பவரிடமிருந்து ஹெச்டிடிபி பக்கத்தையும் ஹெச்டிடிபிஎஸ் பக்கத்தையும் கவனித்தால், சான்றிதழ் என்ன வேலை செய்கிறது என்று விளங்கும்.

ஃபயர்வாலில் விதி எளிது: எல்லாவற்றையும் மூடு, வேண்டியதைத் திற. தொலைவில் உள்ள சர்வரில் மூடுவதற்கு முன்பே எஸ்எஸ்ஹெச் போர்ட்டைத் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் நீங்களே வெளியே நிற்பீர்கள். டேட்டாபேஸ் 127.0.0.1-இல் கேட்கிறதா, 0.0.0.0-இல் கேட்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் எல்லா இணைப்பிலும் அது காத்திருக்கிறது. கன்டெய்னர்களை இயக்கும் டாக்கரில் போர்ட்டை வெளியிட்டால் அது லினக்ஸ் ஃபயர்வால் கருவியான யுஎஃப்டபிள்யூவின் விதிகளைத் தாண்டிப் போய்விடும். எனவே விதிப் பட்டியலை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல், வேறொரு மெஷினிலிருந்து போர்ட்டுகளைத் தட்டிப் பார்க்கும் என்மேப்பால் சோதியுங்கள். 'மூடியது' என்றால் மெஷின் மறுப்பு அனுப்பியது. 'வடிகட்டப்பட்டது' என்றால் பதிலே வரவில்லை, அல்லது நடுவில் ஏதோ ஒன்று தடுக்கிறது.

குவாண்டம் கணினியைப் பற்றித் தொடக்கத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். ஷோர் 1994-இல் காட்டிய முறை ஆர்எஸ்ஏவையும் டிஃபி-ஹெல்மனையும் பாதிக்கும், ஏஇஎஸ்-256-ஐ அந்த அளவுக்குப் பாதிக்காது. மாற்றாக எம்எல்-கெம் உள்ளிட்ட மூன்று தரங்களை அமெரிக்கத் தர அமைப்பான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் வெளியிட்டுவிட்டது. இப்போதைக்கு இது போதும்.

இவ்வளவும் முடிந்தபின் ஒரு பெரிய பயிற்சி. விர்ச்சுவல் நெட்வொர்க்குக்குள் ஓபன்எஸ்எஸ்எல்லால் உங்கள் சொந்தச் சான்றிதழ் ஆணையம் ஒன்றை உருவாக்கி, ஒரு வலை சர்வருக்குச் சான்றிதழ் கொடுங்கள். முதல் முயற்சியில் பெரும்பாலும் குரோம் ஏற்காது, பெயரைப் பழைய பொதுப்பெயர்ப் புலத்தில் மட்டும் போட்டிருப்பீர்கள். 2017-இல் வந்த 58-ஆம் பதிப்பிலிருந்து மாற்றுப்பெயர்ப் புலத்தில் இருப்பதைத்தான் அது பார்க்கிறது. அது சரியானதும் ஒவ்வொன்றாகக் கெடுங்கள்: காலாவதியான தேதி, வேறு பெயர், ஆணையத்தின் சான்றிதழை நிறுவாத கிளையன்ட், ஆணையத்துக்கும் சர்வருக்கும் நடுவில் உள்ள இடைநிலைச் சான்றிதழை அனுப்பாத சர்வர், கடிகாரம் பின்தங்கிய மெஷின். ஒவ்வொன்றுக்கும் உலாவி, கட்டளை வரிக் கருவியான கர்ல், பைத்தான் மூன்றும் என்ன பிழை சொல்கின்றன என்று எழுதி வையுங்கள். இடைநிலைச் சான்றிதழ் விடுபட்டது குறிப்பாகக் கவனிக்க வேண்டியது. உலாவி சில சமயம் அதை வேறு வழியில் தேடி எடுத்துக்கொள்ளும், கர்ல் மறுத்துவிடும், "உலாவியில் திறக்கிறதே" என்று குழம்புவார்கள். அந்தக் குழப்பத்தில்தான் நிரலில் சரிபார்ப்பையே அணைத்துவிட்டு அப்படியே மறந்துவிடுகிறார்கள். உங்கள் நிரலிலும் அதை ஒரு முறை அணைத்து, முன்பு செய்த ஏஆர்பி மெஷினை நடுவில் வைத்து, அந்த மெஷின் தானே கையொப்பமிட்ட சான்றிதழைக் கொடுக்கும்படி செய்யுங்கள். இணைப்பு எந்தப் புகாரும் இல்லாமல் ஏற்கப்படும், கடவுச்சொல் நடுவில் இருப்பவர் திரையில் தெரியும். சரிபார்ப்பைத் திரும்பப் போட்டால் கடவுச்சொல்லின் முதல் பைட் போவதற்கு முன்பே இணைப்பு அறும்.